கூடுமா? குறையுமா?

கொடுமுடியில் ஒரு பழைய பேப்பர் கடை. மஞ்சள் மண்டிப் பேரேடுகள், பஞ்சாங்கங்கள், பள்ளிக்கூட விடைத்தாள்கள் எல்லாம் கட்டுக்கட்டாக எடைக்கு வந்து கிடக்கும் இடம். போன ஆடியில் அந்தக் குவியலுக்கு அடியில், அட்டையும் தலைப்பேடும் இல்லாத தடித்த ஆங்கில வேதியியல் நூல் ஒன்று கையில் அகப்பட்டது. கடைக்காரர் தராசில் வைத்துப் பார்த்தார். "அட்டை இல்லீங்களே, அதுக்குத் தக்கன எடையும் கொறையுதுங்க," என்றார். கிலோ கணக்கில் காசு கொடுத்து வாங்கி வந்தேன்.

திண்ணையில் உட்கார்ந்து புரட்டியபோது நடுவில் ஒரு ரயில் டிக்கெட் செருகியிருந்தது. ஈரோட்டிலிருந்து கொடுமுடிக்கு; அந்தக் காலத்துக் கெட்டி அட்டை டிக்கெட். தேதி அழிந்துவிட்டது. அது அடையாளம் காட்டிய பக்கம் பல்லேடியம் என்ற உலோகத்தைப் பற்றியது. ஹைட்ரஜனை உறிஞ்சிய பல்லேடியத்தில் காந்தத் தன்மை கூடுகிறது என்று ஒரு வரி. வரியின் கீழே பென்சில் கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில், தமிழில், இரண்டே சொற்கள்: கூடுமா? குறையுமா?

நான் கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பழைய அறிவியல் தாள்களைத் துருவுவதுதான் இப்போது என் பிற்பகல் வேலை. உலோகத்துக்குள் ஹைட்ரஜன் புகுந்தால் காந்தம் என்ன ஆகும் என்பது என் பாடத்துக்குள் வரும் கேள்விதான். பல்லேடியத்தில் குறையும் என்று வகுப்பில் ஒரு வரியில் சொல்லிக் கடந்திருக்கிறேன். அச்சில் இருந்ததோ நேர் எதிர். யார் தவறு? எப்போது திருத்தினார்கள்? பென்சில்காரருக்குப் பதில் கிடைத்ததா? அங்கிருந்துதான் தேடல் தொடங்கியது.

தனிமங்கள் சொன்ன வயது

முதலில் புத்தகத்துக்கு வயது தெரிய வேண்டும். கல்வெட்டில் ஆட்சியாண்டு சிதைந்திருந்தால் எழுத்தமைதியைப் பார்ப்பார்கள். பழைய வேதியியல் நூலில் தனிமப் பட்டியலைப் பார்த்தால் போதும். இதில் காலியம் இருந்தது. ஆகவே 1875-க்குப் பிந்தியது. ஜெர்மானியம் இல்லை; அது வெளிப்பட்டது 1886-இல். காற்றைப் பற்றிய அத்தியாயத்தில் ஆர்கான் என்ற பேச்சே இல்லை. 1890-களின் நடுவில் வந்த வாயு அது. பத்துப் பன்னிரண்டு ஆண்டு இடைவெளிக்குள் புத்தகம் சிக்கிவிட்டது.

கோடிட்ட வரிக்குச் சற்று மேலே இன்னொரு தடயம்: ஹைட்ரஜேனியம் என்ற சொல். இன்றைய எந்தப் பாடநூலிலும் அது கிடையாது. அதை ஆக்கியவர் தாமஸ் கிரஹாம். 1805-இல் கிளாஸ்கோவில் பிறந்தவர். வாயுக்கள் பரவும் வேகத்துக்கு விதி கண்டவர். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இன்று செய்யும் டயாலிசிஸ் என்ற சொல்லும் அவர் ஆராய்ச்சியிலிருந்து வந்ததுதான். 1855 முதல் சாகும்வரை லண்டன் அரச நாணயச் சாலையின் தலைவர். ஒரு காலத்தில் நியூட்டன் உட்கார்ந்த நாற்காலி.

ராயல் சொசைட்டியின் 1869-ஆம் ஆண்டு நடவடிக்கைத் தொகுதியில் ஹைட்ரஜனுக்கும் பல்லேடியத்துக்கும் உள்ள உறவு பற்றி அவர் எழுதிய கட்டுரை இருக்கிறது. படிக்கப் படிக்க ஒரு கைதேர்ந்த தொழிலாளியின் பட்டறைக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அமிலம் கலந்த தண்ணீர். அதில் மின்கலத்தின் எதிர்முனையாக ஒரு பல்லேடியக் கம்பி. சாதாரண உலோகமாக இருந்தால் எதிர்முனையில் உடனே ஹைட்ரஜன் குமிழ்கள் பொங்கும். பல்லேடியத்தில் பொங்காது. வருகிற வாயுவையெல்லாம் கம்பி குடித்துக்கொண்டே இருக்கும். வயிறு நிறைந்த பிறகுதான் குமிழ் வெளியே வரும். தன் கன அளவைப் போல் தொள்ளாயிரம் மடங்குக்கும் மேல் வாயு உள்ளே போனதாக கிரஹாம் அளந்தார். கம்பி நீண்டது: 609.144 மில்லிமீட்டராக இருந்தது 618.923 ஆயிற்று. சூடு காட்டி ஹைட்ரஜனை வெளியேற்றியதும் பழைய நீளத்துக்குத் திரும்பி நிற்கவில்லை; அதற்கும் கீழே சுருங்கியது. துவைத்த பருத்திச் சட்டையைப் போல.

இவ்வளவு வாயுவை விழுங்கியும் கம்பி உலோகமாகவே இருந்தது. மின்சாரத்தைக் கடத்தியது, இழுத்தால் தாங்கியது. ஆகவே உள்ளே போயிருப்பது வெறும் வாயுவாக இருக்க முடியாது, ஆவியாகித் திரியும் ஓர் உலோகம்தான் ஹைட்ரஜன், பல்லேடியத்தோடு அது கலப்புலோகம் ஆகியிருக்கிறது என்று கிரஹாம் முடிவு கட்டினார். அந்தக் கற்பனை உலோகத்துக்கு வைத்த பெயரே ஹைட்ரஜேனியம்.

அவர் கூட்டி வந்த சாட்சிகளில் ஒன்று காந்தம். பல்லேடியம் இரும்பைப் போல ஓடி வந்து ஒட்டிக்கொள்ளாது. இழையில் தொங்கவிட்டு வலுவான மின்காந்தத்தின் அருகே வைத்தால் மெல்லத் திரும்பும், அவ்வளவுதான். இந்த மெலிந்த ஈர்ப்புக்குப் பாராகாந்தம் என்று பெயர். ஹைட்ரஜன் ஏற்றிய துண்டு வெறும் துண்டைவிட அதிகமாகத் திரும்பியதாக கிரஹாம் எழுதுகிறார். ஹைட்ரஜன் வாயுவோ காந்தத்தை விட்டு விலகும் இனம். அதை ஃபாரடே முன்பே காட்டியிருந்தார். விலகுகிற வாயு உள்ளே போய் ஈர்ப்பைக் கூட்டுகிறது என்றால் அது உலோகமாகத்தானே மாறியிருக்க வேண்டும்? வாதம் கச்சிதமாக இருந்தது.

கிரஹாம் அந்தக் கலவையில் சிறு பதக்கங்கள் அடிக்கச் செய்தார். நாணயச் சாலை அவர் கையில் இருந்ததே! பல்லேடியம்-ஹைட்ரஜேனியம் 1869 என்று பொறித்த பதக்கங்கள் நண்பர்களுக்குப் போயின. அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று கிரஹாம் காலமானார். கூற்று பாடநூலில் ஏறியது. அங்கிருந்து கொடுமுடி வரை வந்து சேர்ந்தது.

செத்துப்போன சொல்

இத்தனை நுணுக்கமாக நீளத்தை அளந்தவர் காந்தத்தில் எப்படி வழுக்கினார்? என் சந்தேகம் இரும்பின் மேல். பாராகாந்தத்தை அளப்பவர்களுக்கு இரும்புத் தூசி பரம்பரை எதிரி. பல்லேடியத்தின் காந்தம் ஊமைக் குரல். ஓரத்தில் ஒட்டிய ஒரு துளி இரும்பு தவில் மாதிரி அதை அமுக்கிவிடும். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1930-களில் டாக்காவிலும் கல்கத்தாவிலும் செய்த வேலையைப் படித்தால் இந்தத் தொழிலின் கஷ்டம் புரியும். பொடிப் படிகத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டு, காந்தப் புலத்தில் அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று பார்த்தே படிகத்துக்குள் மூலக்கூறுகள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்று சொன்னவர் அவர். கருவி எளிது, சுத்தம் கடினம். கிரஹாமின் காலத்தில் அந்தச் சுத்தத்தை எட்டுவது இன்னும் கடினம்.

சந்தேகம் தீர்ப்பு ஆகாது. அளந்து மறுத்தவர் யார் என்று தெரிய வேண்டும். அடுத்த ஐம்பது ஆண்டு இதழ்களின் அகரவரிசைகளை எடுத்துக்கொண்டு ஹைட்ரஜேனியம் என்ற சொல்லைத் தேடினேன். முதலில் சில பதிவுகள் வந்தன. பிறகு மெலிந்தன. பிறகு ஒன்றுமே இல்லை. இரண்டு வாரம் இப்படியே போயிற்று.

விடை எங்கள் ஊர்ப் பெயரிலேயே இருந்தது. இன்றைக்குக் கொடுமுடி, தேவாரத்தில் பாண்டிக்கொடுமுடி. இன்றைய பெயரை மட்டும் வைத்துக்கொண்டு பழைய ஏட்டைத் தேடினால் பாதி நழுவிவிடும். பழைய பெயரை வைத்துக்கொண்டு புதிய ஏட்டைத் தேடினாலும் அதே கதைதான். ஹைட்ரஜன் உலோகம் என்ற எண்ணத்தை வேதியியலாளர்கள் கைவிட்டபோது அதன் பெயரையும் கைவிட்டுவிட்டார்கள். நான் இறந்தவர் பெயரில் வாரண்ட் வைத்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். சொல்லை மாற்றி, 'பல்லேடியம் உறிஞ்சிய ஹைட்ரஜன்' என்று தேடிய அன்று மாலையே அகப்பட்டது.

1916. ஐரோப்பா போரில் எரிந்துகொண்டிருந்த ஆண்டு. பிலசாஃபிகல் மேகஸின் இதழில் எச். எஃப். பிக்ஸ் எழுதிய கட்டுரை. உறிஞ்சிய ஹைட்ரஜனால் பல்லேடியத்தின் பாராகாந்தம் குறைவது பற்றி என்று தலைப்பு. தலைப்பிலேயே தீர்ப்பு இருந்தது. ஹைட்ரஜன் ஏற ஏறப் பல்லேடியத்தின் காந்தம் படிப்படியாக இறங்குகிறது. பின்னால் வந்த அளவீடுகள் இன்னும் துல்லியமாகச் சொல்லின: பத்துப் பல்லேடியம் அணுவுக்கு ஆறு ஆறரை ஹைட்ரஜன் அணு என்ற விகிதம் வரும்போது காந்தம் ஏறத்தாழப் பூஜ்யம். கிரஹாமின் பதக்கம் 47 ஆண்டு கழித்து உருகிவிட்டது.

எங்கு பார்த்தாலும் 0.6

தேடலை அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் 'ஏன்' என்று ஒரு படி கீழே இறங்கியபோது, கிரஹாமின் தவற்றைவிடச் சுவையான இன்னொரு தவறு காத்திருந்தது.

ஒவ்வொரு எலெக்ட்ரானும் பொடிக் காந்தம். இரண்டு எலெக்ட்ரான்கள் எதிரெதிராகச் சோடி சேர்ந்தால் காந்தம் ரத்து. பல்லேடியத்தின் எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி டி பட்டை என்ற ஆற்றல் மட்டத்தில் தங்கும். ஆடிப் பதினெட்டன்று எங்கள் ஊர்ச் சத்திரத்தில் வரிசையாகப் பாய் விரித்திருப்பார்களே, அதுபோல வைத்துக்கொள்ளுங்கள். பல்லேடியத்தில் எல்லாப் பாயும் நிரம்பவில்லை, சில காலி. காலி இருப்பதால்தான் சிலர் புரண்டு படுக்க முடிகிறது. காந்தப் புலம் வந்ததும் சில எலெக்ட்ரான்கள் திசை மாறுகின்றன, பாராகாந்தம் பிறக்கிறது. ஹைட்ரஜன் அணு ஒன்று உள்ளே வந்தால் தன்னோடு ஓர் எலெக்ட்ரானைக் கொண்டுவரும். அது காலிப் பாயில் படுக்கும். எல்லாப் பாயும் நிரம்பினால் புரள இடமில்லை, காந்தமும் இல்லை.

1930-களில் பிரிஸ்டலில் இருந்த நெவில் மாட் இந்தப் படத்தை முன்வைத்தார். 1936-இல் அவரும் ஹாரி ஜோன்ஸும் எழுதிய உலோகங்கள் பற்றிய நூல் அதை உலகுக்கே பாடமாக்கியது. சாட்சிகள் ஒன்றுக்கு நான்கு. நிக்கலின் காந்த வலு அணு ஒன்றுக்கு 0.6 அலகு. நிக்கலில் செம்பைக் கலந்துகொண்டே போனால் சுமார் 60 விழுக்காட்டில் காந்தம் மறைகிறது. பல்லேடியத்தில் வெள்ளியைக் கலந்தால் அதுவும் 60-ஐ ஒட்டி. ஹைட்ரஜனை ஏற்றினால் அதுவும் 0.6-ஐ ஒட்டி. ஆகவே அணு ஒன்றுக்குக் காலிப் பாய் 0.6. நான்கு பேர் ஒரே வாக்குமூலம் கொடுத்தால் எந்த நீதிபதி சந்தேகப்படுவார்? நானும் முப்பது வருடம் அப்படித்தான் வகுப்பில் சொன்னேன்.

1965-இல் வில்லெமின், பிரீஸ்ட்லி என்ற இருவர் தூய பல்லேடியப் படிகத்தைக் கடுங்குளிரில் வலுவான காந்தப் புலத்தில் வைத்து, அதன் காந்தத்தில் எழும் நுண்ணிய அலைவுகளை எண்ணினார்கள். காலிப் பாய்களை நேரடியாகவே எண்ணுகிற வழி அது. வந்த எண் 0.36. பாதிக்குச் சற்றே மேல்!

அப்படியானால் மீதி எலெக்ட்ரான்கள் எங்கே படுத்தன? 1970-களின் தொடக்கத்தில் ஸ்விட்டென்டிக்கின் கணக்குகளும், ஒளி பாய்ச்சி எலெக்ட்ரான்களை வெளியேற்றிப் பார்த்த சோதனைகளும் பதில் தந்தன. ஹைட்ரஜன் வந்ததும் பல்லேடியத்தின் ஆற்றல் மட்டங்களே இடம் மாறுகின்றன. கீழே புதிய இடங்கள் உண்டாகின்றன. வந்த விருந்தாளி தன் கையோடு ஒரு பந்தலும் போட்டுக்கொண்டார். எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி காலிப் பாயிலும் மீதி அந்தப் பந்தலிலும் படுத்தன. எல்லாம் சேர்ந்து 0.6-ஐ ஒட்டி முடிந்தது தற்செயல்.

கிரஹாம் அளவில் வழுக்கினார். மாட் காலத்தவர்களின் அளவு சரி, காரணம்தான் அரைகுறை. முன்னதைத் திருத்த ஒரு நல்ல தராசு போதுமாக இருந்தது. பின்னதைச் சந்தேகிக்கவே முப்பது ஆண்டு பிடித்தது, ஏனென்றால் எண்கள் அவ்வளவு அழகாகப் பொருந்தின. ஆவணங்களோடு பழகியவனுக்கு இது புதிதாகத் தோன்றியிருக்கக் கூடாது. பத்திரத்தில் எல்லாக் கையெழுத்தும் ஒரே சாயலில் இருந்தால்தான் எழுத்தர் கண்ணாடியை எடுத்து மாட்டுவார்.

காந்தம் அடங்கியதில் ஒரு போனஸும் கிடைத்தது. 1972-இல் வார்சாவில் ஸ்கோஸ்கெவிச், ஹைட்ரஜனை நிறைய ஏற்றிய பல்லேடியம் கடுங்குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்துவதைக் கண்டார். வெறும் பல்லேடியம் அப்படிச் செய்வதில்லை. மீக்கடத்தலுக்கு எலெக்ட்ரான்கள் எதிரெதிர்ச் சோடியாகச் சேர வேண்டும். பல்லேடியத்துக்குள் கனன்றுகொண்டிருக்கும் காந்தத் துடிப்பு அதைக் கெடுக்கும். ஹைட்ரஜன் அந்தத் துடிப்பை அணைத்துவிட்டது.

முலாம் பட்டறையில்

வார்சா என்ற பெயரைக் குறித்துக்கொண்டு அந்த ஊர் ஆய்வாளர்களின் முந்தைய கட்டுரைகளைப் பின்னோக்கித் தேடினேன். 1959-இல் பரனோவ்ஸ்கி, ஷ்மியாவோவ்ஸ்கி இருவரும் எழுதியது கிடைத்தது. இங்கேதான் மெல்லிய படலம் கதைக்குள் வருகிறது. உலோகம் நிக்கல்.

நிக்கல் இரும்பைப் போலவே நிலையான காந்த இனம், ஃபெர்ரோகாந்தம். ஆனால் பல்லேடியம் போல ஹைட்ரஜனை ஆவலோடு குடிக்காது. சாதாரணமாக எதிர்முனையில் வைத்தால் ஹைட்ரஜன் அணுக்கள் பரப்பில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு குமிழாகப் பறந்துவிடும். வார்சாக்காரர்கள் நீர்த்த கந்தக அமிலத்தில் தயோயூரியா என்ற சேர்மத்தைச் சிறிது போட்டார்கள். அது பரப்பில் ஒட்டிக்கொண்டு, அணுக்கள் சோடி சேர்வதைத் தடுக்கும். வெளியே போக வழி இல்லாத அணுக்கள் உலோகத்துக்குள் இறங்கின. நிக்கலில் ஹைட்ரஜன் நகர்வது ஆமை வேகம். தடித்த துண்டாக இருந்தால் மேல்தோலோடு நின்றுவிடும். மெல்லிய படலத்தில்தான் அடி வரை போய்ச் சேரும். அணு இடைவெளிகள் விரிந்து, பத்து நிக்கலுக்கு ஏழு ஹைட்ரஜன் வரை ஏறி, நிக்கல் ஹைட்ரைடு என்ற புதுப் பொருள் பிறந்தது.

1961-இல் பவுர், ஷ்மிட்பவுர் என்ற ஜெர்மானியர் இருவர் அதன் காந்தத்தை அளந்தார்கள். ஹைட்ரைடு ஆன பகுதியில் ஃபெர்ரோகாந்தம் இல்லை. அமிலத்திலிருந்து எடுத்து வெளியே வைத்தால் ஹைட்ரஜன் தானாகவே கசிந்து போகும். போகப் போகக் காந்தம் திரும்பி வரும். வீட்டை விட்டுப் போன பிள்ளை மாலையில் வந்து சேர்வது போல.

இதைப் படித்ததும் கோயமுத்தூர் முலாம் பட்டறைகள் நினைவுக்கு வந்தன. பம்பு, மோட்டார், கிரைண்டர் பாகங்கள் வரிசையாகத் தொட்டியில் இறங்கும் ஊர் அது. தெரிந்தவர் ஒருவரின் பட்டறைக்குப் போனேன். கொக்கிகளில் தொங்கிய ஸ்பிரிங்குகள் துத்தநாகத் தொட்டியிலிருந்து ஏறி, கழுவி, நேராக அடுப்புக்குள் போயின. இருநூறு டிகிரியை ஒட்டி மணிக்கணக்கில் இருக்க வேண்டுமாம். எதற்கு என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

"தொட்டியில இருக்கறப்ப கேஸ் உள்ள போயிருமுங்க. அன்னைக்கே சூடு காட்டி வெளிய தள்ளோணும். இல்லாட்டி ரெண்டு நாள் கழிச்சு, லோடு ஏத்துன பொறகு, படக்குன்னு ஒடிஞ்சு போயிருமுங்க."

அந்த கேஸ் ஹைட்ரஜன்தான். கடினமான எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்க வைக்கும் அதே வேலை. பட்டறையில் அது தொல்லை; விரட்ட அடுப்பு வைத்திருக்கிறார்கள். வார்சாவில் அதை வேண்டி அழைத்தார்கள். உள்ளே போகும், வெளியே வரும், போனால் ஒரு குணம், வந்தால் ஒரு குணம். இதை ஒரு ஸ்விட்ச் ஆக்க முடியாதா என்ற கேள்வி படலம் செய்பவர்கள் மனதில் எழுந்ததில் வியப்பில்லை.

கொடுமணல் குழியும் அணுப் படலமும்

படலம் என்று சொல்லும்போது எவ்வளவு மெல்லியது என்று ஒரு அளவு வேண்டும். தலைமுடியின் தடிமன் பல்லாயிரம் நானோமீட்டர். இங்கே பேசும் அடுக்குகள் ஒன்று, இரண்டு, பத்து நானோமீட்டர். விரல் விட்டு எண்ணக்கூடிய அணு வரிசைகள். இப்படிப்பட்ட அடுக்கு கண்ணாடியிலோ படிகத்திலோ ஒட்டியிருக்கும். ஹைட்ரஜன் புகுந்தால் பக்கவாட்டில் விரிய முடியாது, அடிப்பரப்பு பிடித்துக்கொள்கிறது. மழைக்காலத்தில் ஊறிய கதவு நிலைச் சட்டத்துக்குள் இறுகுகிற கதைதான். ஆகவே படலம் மேல்நோக்கித்தான் வீங்கும். இந்த இறுக்கமும் காந்தத்தின் குணத்தை மாற்றும்.

1997-இல் இரண்டு குழுக்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் ஒரே யோசனையைச் செயலாக்கின. ஜெர்மனியின் பெர்லின் நகரில் குளோஸ் குழுவினர் இரும்பையும் நயோபியத்தையும் மாற்றி மாற்றி அடுக்கினார்கள். ஸ்வீடனின் உப்சாலாவில் யோர்வர்சன் குழுவினர் இரும்பையும் வனேடியத்தையும் அடுக்கினார்கள். இரும்பு ஹைட்ரஜனைச் சேர்த்துக்கொள்ளாது. நடுவில் உள்ள உலோகம் சேர்த்துக்கொள்ளும். இரண்டு இரும்பு அடுக்குகளின் காந்தமும் ஒரே திசையில் நிற்பதா, எதிரெதிராக நிற்பதா என்பதை நடுவில் இருப்பவர்தான் தீர்மானிக்கிறார். ஹைட்ரஜன் வாயுவின் அழுத்தத்தைக் கூட்டியதும் எதிரெதிராக நின்றவை ஒரே திசைக்கு வந்தன. வாயுவை எடுத்ததும் பழையபடி முறைத்துக்கொண்டன. சண்டைக்காரப் பங்காளிகளுக்கு நடுவில் வீடு கட்டியவர் மனசு மாறினால் உறவும் மாறுகிறது.

இன்னொரு வகை, கோபால்ட்டின் மேல் பல்லேடியம். மிக மெல்லிய கோபால்ட் அடுக்கில் காந்தம் பரப்புக்குச் செங்குத்தாக, நின்ற நெல்லைப் போல நிமிர்ந்திருக்கும். மேலே உள்ள பல்லேடியம் ஹைட்ரஜனைக் குடித்ததும் அந்த நிமிர்வு தளரும். தடிமனைப் பொறுத்துச் சாய்ந்தும் விடும். காற்று வந்து படுத்த பயிர்தான். ஆனால் இந்தப் பயிர் ஹைட்ரஜன் போனதும் எழுந்து நிற்கும்.

அடுக்குக்குள் ஹைட்ரஜன் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? எங்கள் பக்கத்து நொய்யல் கரையில், சென்னிமலைக்கு அந்தப் பக்கம், கொடுமணல் இருக்கிறது. அங்கே தொல்லியல் ஆய்வாளர் கா. ராஜன் குழுவினர் வெட்டிய குழிகளின் சுவரில் மண் அடுக்குகளைப் பார்த்து எது முந்தையது, எது பிந்தையது என்று படிப்பார்கள். படலத்தில் குழி வெட்ட முடியாது. நியூட்ரான் கற்றையைச் சாய்வாக வீசி, அது எதிரொளிக்கும் விதத்திலிருந்து அடுக்குகளைப் படிக்கிறார்கள். நியூட்ரானுக்கு ஹைட்ரஜன் நன்றாகத் தெரியும், காந்தமும் தெரியும். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஆய்வில், கோபால்ட்டும் பல்லேடியமும் சேரும் எல்லையில் ஹைட்ரஜன் என்ன செய்கிறது என்பதை வாயு உள்ளே வரும்போதே இப்படிக் கவனித்தார்கள்.

அவர்களுக்கு ஒரு நடைமுறை நோக்கமும் உண்டு. ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே ஒரு பொறி போதும். படலத்தின் காந்தம் மாறுவதை வைத்துக் கசிவைக் கண்டுபிடிக்கும் உணரிகளை உருவாக்கப் பெர்த் நகரில் கோஸ்டிலெவ் குழுவினர் முயன்றுவருகிறார்கள். இது நமக்கும் தூரத்துச் செய்தி அல்ல. 2023 ஜனவரி 4 அன்று இந்திய அரசு 19,744 கோடி ரூபாயில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. தூத்துக்குடித் துறைமுகமும் அந்த வரைபடத்தில் இருக்கிறது. கசிவை மோப்பம் பிடிக்கும் மூக்கு நமக்கும் தேவைப்படும்.

2019-இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜெஃப்ரி பீச் குழு வாயு சிலிண்டரையே விட்டுவிட்டது. கோபால்ட்டின் மேல் கடோலினியம் ஆக்ஸைடு, அதன் மேல் தங்கம். சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் காற்றில் உள்ள ஈரப்பதமே பிரிந்து, ஹைட்ரஜன் அயனிகள் ஆக்ஸைடு வழியாகக் கோபால்ட்டை நோக்கி இறங்கும். காந்தம் திசை மாறும். மின்னழுத்தத்தை மாற்றினால் பழையபடி. 2000 தடவைக்கு மேல் இப்படிச் செய்தும் படலம் கெடவில்லை. கிரஹாமின் கம்பி ஒவ்வொரு முறையும் சுருங்கியதை நினைத்துக்கொண்டேன்.

ஓரக் குறிப்புக்குப் பதில்

பல்லேடியத்தில் குறைகிறது. நிக்கலில் மறைகிறது. கோபால்ட்டில் திசை மாறுகிறது. அப்படியானால் பென்சில்காரருக்கு 'குறையும்' என்று எழுதிவிடலாமா? எழுதப் போனவனை இன்னொரு கட்டுத் தாள்கள் நிறுத்தின.

சென்னை ஐஐடியில் எம். வி. சி. சாஸ்திரி, பி. விஸ்வநாதன், எஸ். சீனிவாச மூர்த்தி மூவரும் தொகுத்து 1998-இல் வெளிவந்த உலோக ஹைட்ரைடுகள் பற்றிய நூலைத் தேடி எடுத்தேன். அங்கிருந்து அருமண் உலோகங்களும் இரும்பும் சேர்ந்த ஹைட்ரைடுகளைப் பற்றிய கட்டுரைகளுக்குப் போனேன். சென்னை ஐஐடி இயற்பியல் துறையிலும் இவற்றின் காந்தத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தச் சேர்மங்களில் சில இரும்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று நெருக்கியடித்து நிற்கின்றன. நெருக்கத்தால் காந்த ஒற்றுமை குலைகிறது. ஹைட்ரஜன் நடுவில் புகுந்து கூட்டத்தை விலக்கிவிடுகிறது. இடம் கிடைத்ததும் காந்தம் வலுக்கிறது. எந்த வெப்பம் வரை காந்தம் தாங்குமோ அந்த வரம்பும் மேலே ஏறுகிறது. லாந்தனம், இரும்பு, சிலிக்கன் சேர்ந்த ஒரு கலவையில், உறைநிலைக்கு வெகு கீழே இருந்த அந்த வரம்பு ஹைட்ரஜனால் அறை வெப்பத்தைத் தாண்டி வருகிறது.

இது கூடுதல். கிரஹாம் சொன்ன உலோகத்தில் இல்லை. அவர் பார்த்தே இராத உலோகங்களில். அதற்காக அவர் சரி என்று ஆகிவிடாது. ஆனால் பென்சில்காரரின் கேள்வியில் ஒரு சொல் விடுபட்டிருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஹைட்ரஜன் எலெக்ட்ரானையும் கொண்டுவருகிறது, இடைவெளியையும் விரிக்கிறது. எந்த வேலை முந்துகிறது என்பது வீட்டுக்காரரைப் பொறுத்தது.

புத்தகத்தை மறுபடி விரித்தேன். பென்சிலைச் சீவி, அந்த இரண்டு சொற்களுக்குக் கீழே எழுதினேன்: எதுல-ன்னு சொல்லுங்க.

டிக்கெட்டை அதே பக்கத்தில் செருகி வைத்துவிட்டேன். அட்டை போட பைண்டரிடம் கொடுக்க வேண்டும். எடை கொஞ்சம் கூடும்.